ஒரே கடை வாசல், இரண்டு ஆர்டர் புத்தகம்

மாதக் கடைசியில் எந்த ஊர் மொத்த மளிகைக் கடையிலும் அரை மணி நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். பைக்கை நிழலில் ஒதுக்கிவிட்டு உள்ளே வருகிறார் சோப்புக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. செல்போன் செயலியில், கடைக்கு வந்துவிட்டதாகப் பதிவு செய்கிறார். "அண்ணாச்சி, டார்கெட்டுக்கு இன்னும் பத்து கேஸ் கொறையுது. ஸ்கீம் முப்பதாம் தேதியோட முடியுது" என்கிறார். அண்ணாச்சி பழைய பாக்கியைப் புரட்டிப் பார்த்து ஆறு என்கிறார். பேசிப் பேசி எட்டில் நிற்கிறது. ஆர்டர் ஏறியதும் பிரதிநிதி தன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து வேறொரு தாளை எடுக்கிறார். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பம். "போன வாரம் சொன்னேனே அண்ணாச்சி, இதையும் பாத்துருங்க." சோப்புக்கு ஒரு கம்பெனி மாதச் சம்பளம் தருகிறது. காப்பீட்டுக்கு இன்னொரு கம்பெனி கமிஷன் தருகிறது. கடை ஒன்று, பை ஒன்று, பேசுகிற ஆளும் ஒருவர்தான்.

இந்த இரண்டாவது தாளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. விற்பனைத் துறையில் சம்பளத்துக்கு இருந்துகொண்டே தனியாகக் கமிஷன் வேலையோ ஒப்பந்த வேலையோ பார்ப்பது புதிதல்ல. காப்பீட்டு ஏஜென்ட், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், வீட்டுக்கடனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர், மனைக்குக் கமிஷன் பேசுபவர், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் வாங்கித் தருபவர் என்று வகைகள் பல. இதைக் கம்பெனிகள் துரோகம் என்கின்றன. செய்பவர்கள் பிழைப்பு என்கிறார்கள். இரண்டு தரப்பும் தவறான இடத்தில் நின்று சண்டை போடுகின்றன என்பது என் வாதம். இந்த வேலையில் சரி எது, தவறு எது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. யாருடைய வாடிக்கையாளரிடம், யாருக்குத் தெரிந்து விற்கிறார் என்பதைப் பார்த்தே தீர்மானிக்க முடியும். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்கக் கம்பெனிக்கு இருக்கும் உரிமை மிகச் சிறியது. எந்த வாசலில் செய்கிறாய் என்று கேட்க இருக்கும் உரிமை மிகப் பெரியது. நியமனக் கடிதங்களோ முதல் கேள்விக்கு முழுத் தடை போட்டுவிட்டு, இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

2022-ல் ஐ.டி. துறையில் கிளம்பிய விவாதம் நினைவிருக்கும். அந்த ஆகஸ்டில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி இரட்டை வேலையை அப்பட்டமான ஏமாற்று என்றார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கண்டறியப்பட்ட 300 பேர் நீக்கப்பட்டதாகச் சொன்னார். இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்து மின்னஞ்சல் அனுப்பியது. சில வாரங்களில், முன் அனுமதி பெற்று வெளி வேலை செய்யலாம் என்று வழி திறந்தது. ஸ்விக்கி அதற்கு முன்பே, நிறுவனத்தின் நலனோடு மோதாத வேலைகளைத் தன் அலுவலக ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் செய்யலாம் என்று கொள்கையே வெளியிட்டிருந்தது. அந்தக் கூச்சலில் ஒரு முக்கியமான வேறுபாடு காணாமல் போனது. போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்வதும், சம்பந்தமே இல்லாத வேலை ஒன்றைச் செய்வதும் ஒரே பெயரில் அடைபட்டன. ஊரெங்கும் பேசப்பட்டது எத்தனை மணி நேரம் என்பதைப் பற்றித்தான்.

மென்பொருள் எழுதுபவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அவர் விற்பது தன் நேரத்தையும் மூளையையும். வாடிக்கையாளரின் முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டியதுகூட இல்லை. விற்பனைக்காரரின் வேலை நேரத்துக்கோ வரையறையே கிடையாது. காலை எட்டு மணிக்கு டீலர் போன் செய்வார். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய கணக்கைப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீலர் கூட்டம். மெடிக்கல் ரெப்பாக இருந்தால் இரவு ஒன்பது மணிக்கும் கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி நோயாளி வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பகல் இரண்டு மணிக்கு, கடைகள் மூடியிருக்கும்போது, ஒன்றரை மணி நேரம் சும்மா இருப்பார். இதில் எது கம்பெனியின் நேரம், எது அவருடைய நேரம்? இந்தக் கோட்டைக் கம்பெனியே அழித்துவிட்டது. தான் அழித்த கோட்டைத் தாண்டியதற்காகத் தண்டிப்பது நியாயமாகாது.

சம்பளம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விற்பனை வேலைக்கான ஆஃபர் லெட்டரில் பொதுவாக இரண்டு பகுதிகள்: நிலையான சம்பளம் ஒன்று, டார்கெட்டை எட்டினால் வரும் இன்சென்டிவ் அல்லது கமிஷன் மற்றொன்று. இரண்டாவது பகுதியின் நஷ்ட அபாயம் முழுவதும் ஊழியர் தலையில். மழை பெய்து லைன் (தன் பகுதிக் கடைகளின் சுற்று) போக முடியாவிட்டாலும், டிஸ்ட்ரிபியூட்டரிடம் சரக்கு இல்லாவிட்டாலும், கம்பெனி விலையை ஏற்றி விற்பனை படுத்துவிட்டாலும் அந்த மாத இன்சென்டிவ் போச்சு. அதோடு முடியவில்லை. தொழிலாளர் சட்டங்கள் கமிஷனைச் சம்பளமாகவே எண்ணுவதில்லை. 1952-ம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் அடிப்படை ஊதியத்திலிருந்து கமிஷனை விலக்கியது. 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அப்படியே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்துக்கான வரையறையிலும், விலக்கப்படும் இனங்களின் பட்டியலில் கமிஷன் இருக்கிறது. விலக்கப்படும் தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால்தான் தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு நிலையான சம்பளம் 22,000 ரூபாய், அது முழுவதும் ஊதியமாக எண்ணப்படுகிறது. மாதா மாதம் தவறாமல் கமிஷன் 8,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அவர் முப்பதாயிரம் சம்பாதிக்கிறவர். பத்து ஆண்டுகள் கழித்து வேலையை விட்டால் பணிக்கொடை 22,000 ரூபாய்க்குத்தான் கணக்கிடப்படும்: ஏறக்குறைய 1,26,900 ரூபாய். முப்பதாயிரத்துக்கும் கணக்கிட்டிருந்தால் 1,73,000 ரூபாய் வந்திருக்கும். பத்தாண்டுகள் வெயிலில் அலைந்து ஈட்டிய கமிஷனுக்குப் பணிக்கொடையில் மதிப்பு பூஜ்யம். ஆகவே அந்தப் பகுதியைப் பொறுத்தவரை கம்பெனி அவரை ஒப்பந்தக்காரராகத்தான் நடத்துகிறது: விற்றால் காசு, விற்காவிட்டால் இல்லை, பின்னாள் பாதுகாப்பும் இல்லை. பணத்தில் பாதி ஒப்பந்தக்காரர், நேரத்தில் முழு ஊழியர் என்ற இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டவரிடம், வேறு எங்கும் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதே என்று சொல்லும் தார்மீக பலம் அந்தக் கம்பெனிக்கு எங்கிருந்து வரும்?

சட்டமும் அப்படி ஒரு முழுத் தடையை எல்லோருக்கும் போடவில்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்யக் கூடாது என்றது; அது இயந்திரத்தின் முன் நிற்கும் உடம்பைக் காப்பதற்காக. 1946-ம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வந்த மத்திய அரசின் மாதிரி விதி, முதலாளியின் நலனைப் பாதிக்கக்கூடிய கூடுதல் வேலையை ஏற்கக் கூடாது என்றது. "பாதிக்கக்கூடிய" என்ற சொல்லில்தான் விதியின் உயிர் இருக்கிறது. 2020-ன் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட புதிய மாதிரி நிலையாணைகளின் வரைவு இன்னும் ஓரடி முன்னே போய், முதலாளியின் முன் அனுமதியோடு கூடுதல் வேலை ஏற்கலாம் என்று வெளிப்படையாகவே சேர்த்தது. உச்ச நீதிமன்றத்தின் பார்வையும் இதற்கு விரோதமாக இல்லை. செகந்திராபாத் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973-ல் வந்த தீர்ப்பு, துண்டுக் கணக்கில் தைத்துக் கொடுத்த தையல்காரர்களைப் பற்றியது. அவர்கள் வேறு கடைகளுக்கும் தைக்கலாம் என்ற ஒரே காரணத்தால் இந்தக் கடையின் ஊழியர்கள் இல்லை என்றாகிவிடாது என்று நீதிமன்றம் கண்டது. இரண்டு இடத்தில் வேலை செய்தாலே ஊழியர் உறவு அறுந்துபோகும் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் வேர் இல்லை.

இவ்வளவும் ஊழியர் பக்கம். மளிகைக் கடையில் எடுத்த அந்த இரண்டாவது தாளுக்கு இப்போது வருவோம். அங்கே நியாயம் கட்சி மாறுகிறது.

சோப்புக் கம்பெனிப் பிரதிநிதியின் கையில் என்னென்ன இருக்கின்றன என்று யோசியுங்கள். எந்தக் கடைக்கு எந்த ஸ்கீமை முதலில் சொல்வது என்பது பெரும்பாலும் அவர் கையில். கெட்டுப்போன சரக்கையும் தேதி முடிந்ததையும் திரும்ப எடுக்க அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பாக்கிக்கு இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டால், டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசுவதும் அவர்தான். தட்டுப்பாடான சரக்கு வரும்போது யாருக்கு இரண்டு கேஸ், யாருக்கு ஐந்து கேஸ் என்று சொல்வதும் அவரே. இத்தனையும் கையில் வைத்திருக்கும் ஒருவர் காப்பீட்டு விண்ணப்பத்தை நீட்டும்போது, கடைக்காரரால் மனசாரச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியுமா? அவர் பிரீமியத்தைப் பார்க்க மாட்டார். எந்த நோய்க்கு எத்தனை ஆண்டு காத்திருப்புக் காலம் என்று கேட்க மாட்டார். அடுத்த மாதம் டேமேஜ் எடுக்க இவர்தானே வரவேண்டும் என்று கையெழுத்துப் போடுவார். லாக்கர் கேட்கப்போன இடத்தில் பாலிசியையும் தலையில் கட்டிய அனுபவம் வங்கிகளில் எத்தனையோ பேருக்கு உண்டு. அந்த அநியாயம் சின்ன உருவத்தில் இந்தக் கல்லாப் பெட்டியின் முன்னும் நடக்கிறது.

கம்பெனிக்கும் இதில் இழப்பு உண்டு. கடை வாசலில் போன பத்து நிமிடம் அதில் மிகச் சிறியது. பாலிசி எடுத்த கடைக்கு நல்ல ஸ்கீம், எடுக்காத கடைக்கு "ஸ்டாக் இல்ல அண்ணாச்சி" என்று நிலைமை சாயத் தொடங்கினால், கம்பெனி தன் பணத்தில் கொடுக்கும் தள்ளுபடி இன்னொரு கம்பெனியின் விற்பனைக்கு லஞ்சமாக மாறிவிடுகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது பதிவாகாது. மருந்துத் துறையில் ஆபத்து இன்னும் கனமானது. தன் நண்பரின் மனைத் திட்டத்தை மருத்துவரிடம் விற்கும் மெடிக்கல் ரெப், அந்த உறவின் பலத்தைத் தன் கம்பெனி மருந்துக்கும் திருப்பலாம். மருந்தின் பலத்தை மனைக்கும் திருப்பலாம். நடுவில் இருக்கும் நோயாளிக்கு இது எதுவுமே தெரியாது.

சட்டம் தெளிவாகக் கோடு போட்டிருப்பதும் இந்த இடத்தில்தான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவர்களைப் பற்றிச் சொல்லும் பகுதியில் 216-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல், அதே வியாபாரத்தில் முகவர் தன் சொந்தக் கணக்கில் பேரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்டு வாங்கலாம் என்பது அதன் சாரம். 150 ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்தப் பிரிவு குற்றத்தின் அடையாளமாக எதை எடுத்துக்கொண்டது என்று கவனியுங்கள். எத்தனை மணிக்குச் செய்தார் என்று அது கேட்கவில்லை. தெரியாமல் செய்தாரா, அதே வியாபாரத்திலா என்றே கேட்டது. இங்கிலாந்தில் 1946-ல் தீர்ப்பான ஹைவாக் வழக்கும் இதே வழியில் போகிறது. காது கேட்கும் கருவிகளுக்கான சின்னஞ்சிறு வால்வுகளைச் செய்த ஒரு கம்பெனியின் கைதேர்ந்த தொழிலாளர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிக் கம்பெனிக்குப் போய் வேலை செய்தார்கள். ஞாயிறு அவர்களுடைய சொந்த நாள் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. ஓய்வு நேரத்தில் செய்யும் எந்த வேலையும் தப்பு என்று அது சொல்லவில்லை. முதலாளிக்குப் பெரிய கேடு விளைவிக்கும் வேலையைத்தான் நிறுத்தியது.

நம் கடைத்தெருவுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இங்கிலாந்து நீதிமன்றம் வர வேண்டியதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர்களைப் பாருங்கள். சோப்புக் கம்பெனி ஏஜென்சி வைத்திருப்பவரே பிஸ்கட் ஏஜென்சியும் பேட்டரி ஏஜென்சியும் கொசுவர்த்தி ஏஜென்சியும் வைத்திருப்பார். அவருடைய லைன் பையன் ஒரே பையில் நாலு கம்பெனி ஆர்டர் எடுக்கிறான். எந்தக் கம்பெனியும் துரோகம் என்று கத்துவதில்லை. காரணம் எளிது: மற்ற ஏஜென்சிகள் எவை என்று எல்லாக் கம்பெனிக்கும் தெரியும், எதிர்க் கம்பெனி சோப்பை அவர் எடுக்க மாட்டார், எல்லா பில்லும் ஒரே கடையின் பெயரில் வெளிச்சத்தில் போடப்படுகிறது. பல பேருக்கு வேலை செய்வது நம் வணிகத்தில் என்றைக்குமே குற்றமாக இருந்ததில்லை. மறைப்பதும், எதிரியின் சரக்கைத் தூக்குவதும்தான் குற்றம். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்திருக்கும் இந்த நியாயத்தை, அவருடைய சரக்கைத் தள்ளிவிட அலையும் ஊழியருக்கும் கொடுங்கள் என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

விற்பனைக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்; லேசில் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை. "அண்ணாச்சியோடு உள்ள பழக்கம் என்னுடையது. அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்றவன் நான். கம்பெனி மாறினாலும் அவர் எனக்குத்தான் ஆர்டர் தருவார். அந்த உறவைக் கம்பெனி எப்படித் தன்னுடையது என்று சொல்லலாம்?" இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது, அதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் அப்படிப்பட்ட கட்டுப்பாடு செல்லும் என்று 1967-ல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் நியாயமான எல்லை கிடைக்கிறது. பழக்கம் உங்களுடையது, வேலையை விட்டுப் போகும்போது அதை உங்களோடு கொண்டுபோகலாம். சம்பளம் வாங்கும் காலத்தில் அந்தக் கடை வாசலுக்கு உங்களை அழைத்துப்போகும் பெட்ரோல் கம்பெனியுடையது. கையில் இருக்கும் ஸ்கீமும், கடைக்காரரின் கொள்முதல் கணக்கைக் காட்டும் செயலியும் கம்பெனியுடையவைதாம். அவற்றின் மேல் ஏறி நின்று சொந்தச் சரக்கை விற்பதற்குப் பழக்கம் என்ற பெயர் பொருந்தாது.

கம்பெனிகள் சொல்லும் எதிர்வாதம் களைப்பு. இரண்டு வேலை செய்பவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்வார் என்கிறார்கள். நாளெல்லாம் இருசக்கர வாகனத்தில் நெடுஞ்சாலையில் ஓடுகிறவரின் தூக்கம் கெட்டால் அது உயிர் விஷயம். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் விற்பனைத் துறை அளவுக்கு, வேலை குறைந்ததை உடனே கண்டுபிடிக்கக்கூடிய துறை வேறு உண்டா? தினம் எத்தனை கடை, எத்தனை ஆர்டர், எத்தனை ரூபாய் வசூல் என்று அன்றன்றைக்குத் தெரிகிறது. டார்கெட் விழுந்தால் அதற்கான நடவடிக்கை எடுக்கலாம். டார்கெட்டை எட்டி, பாக்கியை வசூலித்து, அறிக்கையும் அனுப்பிய ஒருவர் ஞாயிறு காலை தன் தெருவில் இருப்பவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. விளக்குகிறார் என்றால், களைப்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. உண்மையான அக்கறை இருந்தால் இரவு பத்து மணி வாட்ஸ்அப் அறிக்கையை முதலில் நிறுத்தட்டும்.

ஊழியர்களின் பெரிய பயம் வேறு. "சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?" முதல் வாக்கியத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. 1994-ல் அத்யந்தயா எதிர் சாண்டோஸ் வழக்கில், மெடிக்கல் ரெப்கள் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர்கள் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று 1976-ல் வந்த தனிச் சட்டம் ஓரளவு கைகொடுத்தாலும், விற்பனைத் துறையில் இருப்பவர்களுக்குத் தங்கள் பாதுகாப்பில் என்றுமே முழு நம்பிக்கை வந்ததில்லை. புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு விற்பனை மேம்பாட்டு ஊழியர்களைத் தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. இது நல்ல மாற்றம். இருந்தாலும் மேனேஜர் முகம் சுளித்தால் எங்கோ தூர ஏரியாவுக்கு மாற்றல் வரும் என்ற பயம் ஒரு சட்டத்தால் போய்விடாது.

இரண்டாவது வாக்கியத்துக்குப் பதில் இருக்கிறது: தெரிந்துவிடும். கமிஷன் கொடுப்பவர் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் கொடுத்தால் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுகிறார். சம்பளத்துக்குப் பிடித்த வரியும் அதே எண்ணில்தான் ஏறுகிறது. வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கம்பெனிக்கு அந்த அறிக்கை நேராகப் போகாது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கடனுக்கும் அடுத்த வேலைக்கும் காகிதங்களைக் கொடுக்கும்போது அது வெளியே வரும். அதைவிட முக்கியம், மறைத்துச் செய்பவர்கள் வரிக் கணக்கிலும் மறைக்கத் தொடங்குவது. சம்பளக்காரர்களுக்கான எளிய படிவத்தில் கமிஷன் வருமானத்தைக் காட்ட முடியாது. அது தொழில் வருமானம், அதற்கு வேறு படிவம். சிறு வியாபாரிகளுக்கு உள்ள உத்தேச வருமானச் சலுகை கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது என்பதால் பெட்ரோல், போன் செலவுக்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். பிடித்தம் போக ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் போனால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ம் தேதிகளில் முன்வரி கட்ட வேண்டும். பழைய வரி முறை, புதிய வரி முறை என்று ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் தொழில் வருமானம் வந்துவிட்டால் போய்விடும். புதிய முறையிலிருந்து வெளியேறினால் திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்புதான். இவற்றை நேராகச் செய்பவருக்கு லாபமும் உண்டு. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கமிஷனில் பிடித்த வரி கணக்குத் தாக்கல் செய்தவருக்குத் திரும்ப வரும். தாக்கல் செய்யாதவருக்கு வராது.

சொல்லிவிட்டுச் செய்வது என்றால் எப்படிச் சொல்வது? ஒரு பக்கக் கடிதம் போதும். என்ன பொருள், எந்த நிறுவனத்துக்காக விற்கிறேன் என்று முதலில். நம் கம்பெனியின் பொருளோடு அது எந்த வகையிலும் போட்டி போடாது என்று அடுத்து. என் லைனில் இருக்கும் கடைக்காரர்கள், டீலர்கள், மருத்துவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் யாருக்கும் விற்க மாட்டேன் என்ற உறுதி மூன்றாவது. கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கம்பெனி போன், கம்பெனி வாடிக்கையாளர் பட்டியல், கம்பெனி பயணப்படி எதையும் தொட மாட்டேன் என்பது கடைசி. மூன்றாவது உறுதி வியாபாரத்தைச் சுருக்கும் என்பது எனக்குத் தெரியும். பழகிய நூறு கடைகளை விட்டுவிட்டுப் பழகாத தெருவில் பாலிசி விற்பது லேசல்ல. அந்த நூறு கடைகளும் வேண்டும் என்பவர் முழு நேர ஏஜென்ட்டாகவே போவது நேர்மை. எல்.ஐ.சி.க்கு மட்டும் இந்தியா முழுவதும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அது கௌரவமான தொழில்.

எந்த வேலையை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆகத் தேர்வு எழுதிப் பதிவு எண் வாங்க வேண்டும். காப்பீட்டு ஏஜென்ட் ஆகவும் தேர்வு உண்டு. தேர்வும் பதிவும் இல்லாமல், ஆளைச் சேர்த்தால் பணம் என்று ஆசை காட்டும் வேலை எதுவாக இருந்தாலும் விலகி நில்லுங்கள். நேரடி விற்பனைக்காக 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் அப்படிப்பட்ட பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. தன் பேச்சை நம்பிச் சேர்ந்த பத்துக் குடும்பங்களின் பணம் போனபிறகு, அந்த ஊர் லைனில் தலைநிமிர்ந்து ஆர்டர் எடுக்க ஒருவராலும் முடியாது.

கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். "வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது" என்ற அந்த ஒற்றை வரியை நியமனக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எது கூடாது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: போட்டிச் சரக்கு கூடாது, நம் வாடிக்கையாளரிடம் கூடாது, சொல்லாமல் கூடாது. அறிவித்தவருக்குப் பதினைந்து நாளில் எழுத்தில் பதில் கொடுங்கள்; மறுத்தால் காரணத்தையும் எழுதுங்கள். அறிவித்ததற்காகவே ஒருவரை மாற்றினால், அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். மறைப்பதற்குப் பயிற்சி கொடுப்பது நீங்களாகவே இருப்பீர்கள். ஆஃபர் லெட்டரே கொடுக்காமல் கையில் சம்பளம் கொடுக்கும் சிறு டிஸ்ட்ரிபியூட்டர்களும் இதை வாய்வார்த்தையாகவாவது பேசிவிடலாம். முழு நேரமும் முழு மனிதரும் வேண்டும் என்று நினைக்கும் கம்பெனி, கமிஷனைக் குறைத்து நிலையான சம்பளத்தை உயர்த்தட்டும். அப்போது அந்தக் கோரிக்கைக்கு ஒரு விலை கொடுத்ததாகும்.

ஏற்கெனவே பையின் பக்கவாட்டு ஜிப்பில் இன்னொரு விண்ணப்பம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுடைய இரண்டாவது வருமானம் உங்களுக்குத் தேவையானது. அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்த மாத லைன் தொடங்குவதற்குள் அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதுங்கள். அண்ணாச்சியின் கடைக்குள் போகும்போது அந்த ஜிப்பை மூடியே வைத்திருங்கள்.